கழியட்டும் என்று சொன்ன வாய்

எங்கள் தெருச் சைவ சபையில் வெள்ளிக்கிழமைதோறும் பேசுகிறவன் நான். ஒரு வெள்ளியன்று, வலி என்பது பழைய வினை கழிகிற வழி, முணுமுணுக்காமல் ஏற்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். முடித்ததும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எழுந்து, "முட்டுவலி உயிரை எடுக்கு சார்வாள். என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். "கழியட்டும்மா" என்று சொல்லிவிட்டுச் சுண்டல் வாங்கப் போய்விட்டேன்.

அடுத்த செவ்வாய், என் கடைவாய்ப் பல் வினை கழிக்கத் தொடங்கியது. பத்து நிமிடம் முணுமுணுக்காமல் இருந்தேன். பிறகு பாளையங்கோட்டைக்கு ஆட்டோ பிடித்தேன்.

பல் டாக்டரும் சபைக்கு வருகிறவர் என்பது நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"பல்லை எடுக்கணும் அண்ணாச்சி. மரப்பு ஊசி போடட்டுமா, இல்ல கழியட்டுமா?" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"ஊசியும் அவன் அருள்தானே" என்றேன்.

"அப்ப அருள் ரெண்டா போடுதேன்."

பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தால், பெஞ்சில் அதே டீச்சர், பல் செட்டுக்கு அளவு கொடுக்கக் காத்திருந்தார். அவர் முட்டுவலியைப் பற்றி இப்போதாவது விசாரித்துவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மரத்த உதட்டிலிருந்து எச்சில்தான் வந்தது.

அவர் முழங்காலைப் பிடித்தபடி பைய நகர்ந்து இடம் விட்டார். "பேசாதீங்க சார்வாள். இங்கன உக்காருங்க. ரொம்ப வலிக்கோ?"

வெள்ளிக்கிழமை நான் அவரிடம் கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். இரண்டு ஊசியில் எனக்கு வலியே தெரியவில்லை. ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.