அரை நாள் வேதசாட்சி

சிக்கந்திராபாத் ரயில்வே ஷெட்டில் என் மதத்துக்காக என் வேலையைப் பறிக்கப்போகிறார்கள் என்று ஒரு விபூதிப் புதனன்று நான் மனதார நம்பினேன். நாற்பத்தைந்து வயதில் இந்தப் புத்தி.

காலைப் பூசையில் சாமியார் என் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டார். இன்று முழுக்க இதை அழிப்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். எஞ்சினின் புகைப்பெட்டிக்குள் நுழைந்து, கரி சுரண்டி வெளியே வந்தேன். எதிரே மேஸ்திரி காதர் சாகிப்.

"அந்தோணி, பெரிய துரை வர்றார். மூஞ்சியைக் கழுவிட்டு ஆபீசுக்கு வா."

"நக்கோ, சாகிப். கழுவ மாட்டேன்."

"கைக்கு? ஏன் கழுவ மாட்டே?"

"வேலை போனாலும் சரி, கழுவ மாட்டேன்."

அவர் ஆபீசுக்குப் போய்விட்டார். அப்புறம்தான் வேலை போனால் என்னாகும் என்று கணக்குப் போட்டேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நாலு பிள்ளைகளோடு திருச்சிக்கு ரயில் ஏற வேண்டும், அதுவும் பாஸ் இல்லாமல். மூன்று முறை தண்ணீர்க் குழாய்வரை போய்த் திரும்பினேன். கடைசியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆபீசுக்குள் நுழைந்தேன்.

"என் நெத்தியில இருக்கிற சிலுவையை அழிக்கச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது, சாகிப்."

சாகிப் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "எங்கப்பா சிலுவை?" என்று ஆணியில் தொங்கிய கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

இப்போதெல்லாம் விபூதிப் புதனுக்கு முதல் நாளே, புகைப்பெட்டிக்குள் நுழையத் தேவையில்லாத வெளிவேலையாகக் கேட்டுவிடுகிறேன். சாகிப்பும் கொடுத்துவிடுகிறார்.

அன்று கண்ணாடியில் தெரிந்தவை இரண்டு கண்கள்தான். மற்றதெல்லாம் கரி.