ஒன்றுபோல் எழுதிய மனுக்கள்

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தைக் காட்டுக்கே திருப்பிக் கொடுப்பது பற்றி மக்கள் எழுதியதையெல்லாம் கணினியில் ஏற்றி அலசியதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. மலையை விட்டு இறங்க மாட்டோம் என்று தோட்டத் தொழிலாளர்கள் கொடுத்த மனுக்களும் அதில் உண்டு. எழுதத் தெரிந்த ஒருவர் எழுத, மற்றவர்கள் அதையே பார்த்தெழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

ஒரே வாசகம் திரும்ப வந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லி நிரல் எழுதிய மகாபுத்திசாலி நான்தான். 'எதிர்ப்பு குறைவு' என்று வந்தது. அப்படியே எழுதினேன். பட்டம் வாங்கிய பிறகுதான் நிரல் நீக்கியதைத் திறந்து பார்த்தேன். அத்தனையும் அந்தத் தொழிலாளர்களின் மனுக்கள்.

போன மாதம் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில், மனுக்களைச் சேர்த்துத் தந்த அக்கா கேட்டார்: "எங்க மனுவெல்லாம் ஒங்க ஆராய்ச்சியில இருக்குல்லா தம்பி?"

"எல்லாம் இருக்குக்கா" என்றேன்.

ஒன்று இருக்கிறது.