புகையூரின் பக்க எண்கள்

ஹைதராபாத் மல்லாபூரில் பெயின்ட் டப்பாக்களுக்கு மூடி செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஜெஸ்ஸிக்கு டிஸ்பேட்ச் கிளார்க் வேலை. பெட்டிகளின் மேலிருக்கும் எண்களை வரிசையாகச் சரிபார்த்து லாரியில் ஏற்றச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடத்தில் ஒரு பெட்டிகூட இடம் மாறிப் போனதில்லை. இதை அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அதனால்தான் நடந்ததை நினைத்தால் அவள்மேல் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவும் ஒர்க்‌ஷாப், கணவன் ஃபெலிக்ஸும் ஒர்க்‌ஷாப். அந்த வீட்டில் உட்கார்ந்து சிறுவர்களுக்கான மாயக்கதைகள் எழுதி, 'கைகாட்டி பதிப்பகம்' என்று பெயர் வைத்துத் தானே வெளியிட்டு வந்தாள். பதிப்பகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு லேப்டாப், ஒரு இரும்பு பீரோவின் கீழ்த்தட்டு, அவ்வளவுதான்.

கதை புகையூரில் நடக்கிறது. பழைய எஞ்சின்களின் புகையெல்லாம் போய்ச் சேரும் ஊர் அது. அங்கே யாருக்கும் எடை கிடையாது, காலில் கல்லைக் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அங்கே மாட்டிக்கொண்ட மின்னா என்ற சிறுமி வீடு திரும்புவாளா என்பதை மூன்று பாகமாக எழுதினாள் ஜெஸ்ஸி. கோயம்புத்தூர், மதுரை என்று எங்கெங்கோ இருந்து சிலர் தபாலில் வாங்கிப் படித்தார்கள். லாலாகுடாவில் அவளுக்கு ஒரே வாசகி, ஹம்ஸினி.

வாசகி என்று சொல்வதும் சரியில்லை. பக்கத்து பிளாக் சுபாஸ்ரீயின் மகளான ஹம்ஸினிக்குப் பதினொரு வயது. தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. காலையில் ஜெஸ்ஸி பஸ்ஸுக்கும் ஹம்ஸினி ஸ்கூல் வேனுக்கும் ஒரே இடத்தில் காத்து நிற்பார்கள். முதல் இரண்டு பாகங்களையும் ஜெஸ்ஸி அங்கேதான் துண்டு துண்டாகச் சொல்லி முடித்தாள்.

"தர்வாத ஏமைந்தி ஆன்ட்டி?" வேனில் ஒரு காலை வைத்துக்கொண்டே, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பாள் ஹம்ஸினி.

மூன்றாம் பாகத்துக்கு மட்டும் ஜெஸ்ஸி பிகு பண்ணிக்கொண்டாள்.

"நக்கோ மா. இத நான் சொல்ல மாட்டேன். புக்கு வரட்டும், நீயே படிச்சுக்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அந்தப் பெண் அதையே பிடித்துக்கொண்டாள். அம்மாவை நச்சரித்து எழுத்துகளைக் கற்றுக்கொண்டாள். ஹைதராபாத்தில் வாசித்துப் பழகத் தமிழ்ப் பலகைகளுக்கு எங்கே போவது? ஊரிலிருந்து வந்த மசாலா பாக்கெட், தினசரிக் காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒரு வருடம் எழுத்துக்கூட்டினாள். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் காலண்டர் தாளை நீட்டி, "சூலம், மேற்கு" என்று அவள் திக்கித் திக்கி வாசித்தபோது ஜெஸ்ஸிக்குத் தலைகால் புரியவில்லை. தன் கதையின் முடிவு தெரிய வேண்டும் என்பதற்காக ஒருத்தி எழுத்துப் படிக்கிறாள் என்றால் சும்மாவா?

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி தடுமாறியது. புகையூர்க்காரர்கள் பழைய தமிழ் எண்களில் எண்ணுவார்கள் என்று கதையில் வரும். அப்படியென்றால் பக்க எண்களையும் ௧, ௨, ௩ என்றே போட்டால் என்ன? அவளுக்கே அந்த எண்கள் தெரியாது. இணையத்தில் பட்டியலைப் பார்த்துப் பார்த்துத்தான் வைத்தாள்.

அச்சகம் நாச்சாரத்தில் இருந்தது. அச்சான தாள்கள் ஆட்டோவில் பைண்டிங் கூடத்துக்கு வரும்; அங்கே அவற்றைப் பதினாறு பக்கக் கட்டுகளாக மடித்து, கட்டுகளை வரிசையாக அடுக்கி ஒட்டுகிற பெண்களுக்குத் தலைவி சபீனா. அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. பக்க எண்களைப் பார்த்தே முதல் இரண்டு பாகங்களையும் பிசகில்லாமல் அடுக்கிக் கொடுத்திருந்தார்கள்.

"யே கைகே நம்பர் மேடம்? சமஜ் மே நை ஆரா," என்றாள் சபீனா. எங்களுக்குப் புரியாத எண் எதற்கு, எப்போதும்போல் சாதா நம்பரே போட்டுவிடுங்கள் என்று கேட்டும் பார்த்தாள்.

"ஹவ், ஹவ்," என்று தலையாட்டிய ஜெஸ்ஸி, எண்கள் அப்படியே இருக்கட்டும், எந்தக் கட்டுக்குப் பின் எது என்று ஒரு பட்டியல் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். வந்தவள் மறந்துபோனாள்.

புத்தகங்கள் வந்திறங்கின. மூக்கருகே வைத்து முகர்ந்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள், கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். இரண்டிலும் படம் இருந்தது, எல்லாம் சரியாக இருந்தது. பத்தொன்பது முறை திருத்திப் படித்த கதையை இன்னொரு முறை படிக்க யாருக்குத்தான் தெம்பு இருக்கும்? முதல் பிரதியை ஹம்ஸினியிடம் கொடுத்தாள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர், காலத்தைக் கலைத்துப் போட்டு எழுதிய துணிச்சலைப் பாராட்டி வாட்ஸப்பில் செய்தி அனுப்பினார். எதைச் சொல்கிறார் என்று ஜெஸ்ஸிக்கு விளங்கவில்லை. பாராட்டுதானே என்று ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து ஹம்ஸினி பஸ் ஸ்டாப்பில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சாரி ஆன்ட்டி. அர்த்தம் காலேது, ஒண்ணுமே புரியல. ரெண்டு டைம் படிச்சேன். மின்னா வீட்டுக்கு வந்துட்டா. நெக்ஸ்ட் பேஜ்ல மறுபடி புகையூர்ல இருக்கா. நான்தான் தப்பா படிக்கறேன். எனக்குத் தமிழ் ராது ஆன்ட்டி."

வேன் வந்தது, ஏறிப் போய்விட்டாள். ஜெஸ்ஸி நின்ற இடத்திலேயே புத்தகத்தைத் திறந்தாள். பக்கத்துக்குப் பக்கம், நீளமான சொற்களையெல்லாம் பென்சிலால் கோடு போட்டுப் பிரித்து வைத்திருந்தாள் அந்தப் பெண். மின்னா வீடு திரும்புகிற எட்டாவது கட்டு மூன்றாவதாக இருந்தது. முதலும் கடைசியும் தவிர மற்ற ஏழும் தாறுமாறாகக் கிடந்தன. மல்லாபூர் பஸ் வந்து நின்று, போயும் விட்டது.

சபீனாவுக்கு போன் செய்தாள். பட்டியல் வரவேயில்லை மேடம், படமிருந்த முதலையும் கடைசியையும் தவிர மற்றதை ஆட்டோவிலிருந்து தாள்கள் இறங்கிய வரிசையிலேயே மடித்து அடுக்கிவிட்டோம் என்றாள் சபீனா. திட்டுவதற்கும் ஆளில்லை.

அன்று வேலைக்குப் போகாமல் ஒரு பிரதியை பிளேடால் பிரித்து, லேப்டாப்பைப் பார்த்து வரிசைப்படுத்தி, ஊசி நூலால் தைத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் பேனாவால் சாதா எண்களை எழுதினாள். மாலையில் அதையும் ஹம்ஸினி திருப்பிக் கொடுத்த பிரதியையும் எடுத்துக்கொண்டு சுபாஸ்ரீ வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொன்னாள்.

"நீ சரியாத்தான் படிச்சிருக்கே கண்ணு. புக்குதான் தப்பு. ஆன்ட்டி பண்ண தப்பு."

ஹம்ஸினி தையலைத் தடவிப் பார்த்தாள். பேனா எண்களைப் பார்த்தாள்.

"எனக்காக ஈஸியா பண்ணீங்களா ஆன்ட்டி?"

"இல்லம்மா. இதுதான் நெஜமான புக்கு." இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள் ஜெஸ்ஸி. பழைய எண்களை விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினாள். ஹம்ஸினி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பெரியவர்கள் ஆறுதல் சொல்லும்போது பிள்ளைகள் ஆட்டுவார்களே, அந்தத் தலையாட்டல்.

"விடுங்கக்கா," என்றாள் சுபாஸ்ரீ, வாசல்வரை வந்து. "அவ மனசு நோகக் கூடாதுன்னு இவ்ளோ பண்றீங்க. போதும்."

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் ஹம்ஸினி முன்பே வந்து நின்றிருந்தாள். கையில் புத்தகம் இல்லை.

"ஆன்ட்டி, லாஸ்ட்ல மின்னா என்ன ஆனா? நீங்களே சொல்லிடுங்க."

"நீயே படியேன் கண்ணு. இன்னொரு தடவ."

ஹம்ஸினி வேன் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள்.

ஜெஸ்ஸி சொல்லத் தொடங்கினாள். வேன் வருவதற்குள் கதை முடிந்துவிட்டது.