மருதாத்தாள் கீழே வைத்த மண்வெட்டி

நல்லேப்பிள்ளிக்குத் தெற்கே எங்கள் ஏரிப் பாசனத்தில் யாரும் எழுதி வைக்காத சட்டங்கள் இரண்டு உண்டு. வாய்க்கால் தூர்வாரும்போது வயலுக்கு ஓர் ஆள் வரவேண்டும், வராதவனுக்குத் தண்ணீர் கிடையாது. அடுத்தது, வயல் மடைகளைத் திறப்பதும் அடைப்பதும் தண்ணீர் கட்டுகிறவரின் மண்வெட்டி மட்டும்தான். வேறு யார் கை வைத்தாலும் அடிதடியில் முடியும்.

ஐம்பதுகளில் அந்த மண்வெட்டி மருதாத்தாள் கையில் இருந்தது. புருஷன் செய்த வேலை, அவன் போனபின் இவள் செய்தாள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லை. அறுப்பின்போது ஒவ்வொரு வயலிலும் ஒரு கட்டுக் கதிர் கொடுப்போம், அதுதான் அவளுக்கு வருஷச் சோறு.

தூர்வார வராதவன் ஊரிலேயே ஒருத்தன்தான், பிச்சைமணி. நோயாளி என்று நினைக்க வேண்டாம். தேக்கு மாதிரி உடம்பு. அப்பன் விட்டுப்போன ஒரு துண்டு வயலில் நெல்லைத் தூவிவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் போய்ப் படுப்பான். களை எடுக்க மாட்டான். ஏன் இப்படி என்று நானும் காரணம் தேடிப் பார்த்தேன். ஒரு மண்ணும் இல்லை, சோம்பல்தான். மழை நன்றாக இருந்த வருஷங்களில் அவனைத் திட்டுவதோடு விட்டுவிட்டோம்.

ஒரு வருஷம் ஐப்பசியில் வரவேண்டிய துலா மழை ஏமாற்றிவிட்டது. தை பிறந்தபோது ஏரியில் சேறு தெரிந்தது, கதிரோ அப்போதுதான் பால் பிடிக்கிறது. மதகடியில் கூடினோம். உழைக்காதவன் குடிக்கிற தண்ணீர் உழைத்தவன் வயலில் குறையும், அவன் மடையை அடைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. முதலில் சொன்னது நான். என் மச்சான் ரத்தினசாமி என்னைவிடச் சத்தமாகச் சொன்னான்.

மருதாத்தாள் மண்வெட்டியை எங்கள் நடுவில் வைத்தாள்.

"நான் அடைக்க மாட்டனுங்க. ஆரு அடைக்கறீங்களோ எடுத்துக்கங்க."

"ஏனுங்க மருதாத்தா, அவன் சோம்பேறின்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றான் ரத்தினசாமி.

"சோம்பேறிதானுங்கண்ணா. ஆரு இல்லீன்னாங்க?"

"உங்க தண்ணில வெளஞ்சத அவன்தான படுத்துட்டுத் திம்பான்?"

"ஆமாங்க, அவன்தான் திம்பான். திங்கட்டும்."

மண்வெட்டியை விட்டால் கதிர்க்கட்டும் போயிற்று. அது தெரிந்தேதான் வைத்தாள். ரத்தினசாமிக்கு வீம்பு ஏறிவிட்டது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பிச்சைமணியின் மடையில் மண்ணைக் கொத்திப் போட்டான். வேப்பமரத்தடிக் கட்டிலில் இருந்தபடியே பிச்சைமணி பார்த்தான்.

"வலது பக்கம் ஒழுகுதுங்க, இன்னொரு கட்டி வெய்ங்க" என்றான். அன்றைக்கு அவனைக் கட்டிலோடு ஏரியில் போடலாம் போலிருந்தது எனக்கு.

மறுநாள் விடிந்ததும் மருதாத்தாள் ஒரு குடத்தோடு வந்தாள். வாய்க்காலில் மொண்டு, வரப்பில் நடந்து, அவன் வயலில் ஊற்றினாள். மடைக்குத்தான் சட்டம், குடத்துக்குச் சட்டம் இல்லை. நாங்கள் சிரித்தோம். வெடித்துக் கிடக்கிற வயலுக்குக் குடத்துத் தண்ணீர் எந்த மூலைக்கு? ஊற்றிய இடத்தில் ஒரு முறம் அகலத்துக்கு நனைந்தது, அவள் திரும்பி வருவதற்குள் அதுவும் காணாமல் போயிற்று. அவள் அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. வெயில் ஏறியது. எங்கள் சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியாது. வரப்பில் உட்கார்ந்து அவள் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெய் சிலிர்த்தது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

பிச்சைமணி நிழல் நகர நகரக் கட்டிலை நகர்த்தினான். "கெழக்கு மூல காஞ்சு கெடக்குதுங்கக்கா" என்று ஒரு தடவை சொன்னான். "வாய மூடிட்டுப் படு, கம்னாட்டி" என்று சொல்லிவிட்டு அவள் கிழக்கு மூலைக்குப் போனாள்.

அடுத்த நாளும் வந்தாள். வரப்பு வழுக்கி ஒரு குடம் உடைந்தது. வீட்டுக்குப் போய் வேறு குடம் எடுத்து வந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் ரத்தினசாமி எழுந்து போனான். மண்வெட்டியைத் தொடவில்லை. குனிந்து, தான் போட்ட மண்ணைக் கையாலேயே வாரி எறிந்தான். தண்ணீர் உள்ளே பாய்ந்தது. பிறகு மண்வெட்டியைக் கொண்டுபோய் அவள் வீட்டு வாசலில் சாத்திவிட்டு வந்தான்.

"நான் என்ன பண்றது மச்சான், அந்தம்மா நிறுத்த மாட்டேங்குது" என்றான்.

அறுப்பு வந்தது. தண்ணீர் பற்றாமல் எல்லோருக்குமே விளைச்சல் குறைந்தது, எனக்கும்தான். பிச்சைமணி திருந்தினானா என்று கேட்பீர்கள். கதிர்க்கட்டுக்குப் போனவளிடம், "நீங்களே அறுத்துக்கங்கக்கா" என்றான். கை நிறைய அறுத்தாலும் கேட்க ஆளில்லை. அவள் தன் ஒரு கட்டை மட்டும் அறுத்துக்கொண்டு போனாள்.

இன்றைக்குக் கேட்டாலும் அவனுக்குத் தண்ணீர் விட்டது தப்பு என்றுதான் சொல்வேன். அதற்கடுத்த வருஷமும் அவன் தூர்வார வரவில்லை, அந்த வருஷமும் மழை பொய்த்தது. மதகடியில் கூடினோம். அதே பேச்சை நானே எடுத்தேன். மருதாத்தாள் மண்வெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

எனக்குக் கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். நான் வெற்றிலையை மென்றுகொண்டு ஏரியைப் பார்த்தேன்.