மாசி அவிழ்த்த சிவப்புத் துணி

செய்யூரில் லாரியில் சவுக்குக்கட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது சதுரங்கப்பட்டினத்திலிருந்து போன் வந்தது. "அண்ணாத்த, எங்கண்ணன் மாசி பூட்டான். அலை படகத் தூக்கி அவன் மேலயே போட்டுடுச்சி." "செருப்பால அடிப்பேன், பொய் சொல்லாத" என்று கத்தினேன். மறுமுனையில் அவன் தம்பி அழுதான். அப்புறம்தான் நம்பினேன்.

உங்களில் மாசியிடம் பிடிபட்டவர்களுக்கு அவன் கையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. கபடியில் அவன் கார்னரில் நின்றால் பாடிப்போகிறவன் நடுக்கோட்டைத் தாண்டவே யோசிப்பான். ஒருநாள் என் வலது கணுக்காலைப் பிடித்து இழுத்தான். நான் எதிர்ப்பக்கம் எகிறினேன். முட்டிக்குள் கட்டை முறிகிற சத்தம். ஜவ்வு அறுந்து ஆபரேஷன் ஆயிற்று. பார்க்க வந்தவன் முகத்தில் எவர்சில்வர் சொம்பை விட்டெறிந்தேன். கிழிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டு, "குறி நல்லாத்தான் கீது. காலு சரியானதும் வா" என்றான்.

எங்கள் பக்கத்து ஆட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆபரேஷன் ஆன காலில் முதல் சில ஆட்டங்களுக்குச் சிவப்புத் துணி கட்டிக்கொள்ளலாம். அந்தக் காலை யாரும் பிடிக்கமாட்டார்கள். டாக்டர் தாராளமாக ஆடு என்று சொன்ன பிறகும் இரண்டு வருடம் நான் அதை அவிழ்க்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயம். கோட்டைத் தாண்டினாலே அந்தச் சத்தம் காதில் கேட்கும். மறுபடி அறுந்தால் அவ்வளவுதான், இனி ஆட்டமே கிடையாது. அந்தக் காலையே முன்னால் நீட்டிப் பாயிண்ட் எடுத்துக்கொண்டிருந்தேன், மானங்கெட்டவன்.

மாமல்லபுரத்தில் ஓர் ஆட்டம். இடைவேளையில் மாசி நேராக என்னிடம் வந்தான்.

"கால்ல துணி கட்டிகினு பிச்ச எடுக்கறியா? டாக்டரு இன்னா சொன்னாரு?"

"ஆடலாம்னாரு."

"அப்பறம் இன்னாத்துக்கு இது?"

"நீ அறுத்ததுடா, நாயே!" என்று ஓங்கி அறைந்தேன். திருப்பி அவன் விட்ட அறையில் என் வாயெல்லாம் ரத்தம். குனிந்து துணியை அவிழ்த்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டான். "நான்தான் அறுத்தேன். நான்தான் புடிப்பேன். பாடிகினு வா."

போனேன். அதே காலைப் பிடித்து மணலில் அடித்தான். மேலே நான்கு பேர் விழுந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. வெறி பிடித்து அவன் நெஞ்சில் உதைத்துக் கோட்டைத் தொட்டேன். மாசி மல்லாந்து கிடந்து, வாயிலிருந்த மணலைத் துப்பியபடி சிரித்தான். "அறுந்துச்சா?"

நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

போன ஞாயிறு அவன் நினைவாக நடந்த ஆட்டத்தில் உங்களில் பலர் இருந்தீர்கள். கார்னரில் அவன் தம்பி நின்றான். என் வலது காலைத் தொட்டவன் சட்டென்று கையை எடுத்துவிட்டான். "புடிடா! உங்கண்ணன் புடிச்ச காலு இது!" என்று கத்தினேன். பிடித்தான், பாவி. முகம் குப்புற விழுந்தேன்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். இன்றும் கோட்டைத் தாண்டுகையில் அந்தச் சத்தம் காதில் கேட்கிறது. மாசியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவன் கேட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும்தான். போன ஞாயிறும் மணலில் கிடந்தபடி அதற்குப் பதில் சொன்னேன்.

இல்லடா மாசி. அறுந்து போவல.