கருவாட்டுக் குழம்பும் அமிஷ் ரொட்டியும்

எங்கள் தெருவில் ரொட்டி என்பது நோயாளியின் சாப்பாடு. காய்ச்சல் வந்தால் பாலில் தோய்த்துக் கொடுப்பார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் யாராவது படுத்திருந்தால் ஒரு பாக்கெட் ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது ரொட்டி தின்கிறவரை நான் எங்கள் ஊர் வடக்கனந்தலில் பார்த்ததில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்த ஞாயிற்றுக்கிழமை மாவு பிசைந்தேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பட்டம் வாங்கி, கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீலிடம் தட்டச்சு வேலை பார்க்கிறேன். எதையும் படித்துச் செய்தால் வரும் என்று நினைக்கிறவள். அமெரிக்காவில் அமிஷ் என்றொரு கூட்டம் இருக்கிறது. கரண்ட் வேண்டாம், கார் வேண்டாம் என்று குதிரை கட்டி உழுகிறவர்கள். அவர்கள் வீட்டு வெள்ளை ரொட்டியை போனில் பார்த்தேன். கையால் பிய்த்தால் நூல் நூலாகப் பிரிந்தது. சர்க்கரை கொஞ்சம் தாராளமாகப் போடுவார்களாம். கரும்பு விளைகிற ஊரில் இருந்துகொண்டு அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. முதல் தடவை செங்கல் மாதிரி வந்தது. அடுத்த தடவை புளித்துப்போனது. இது மூன்றாவது.

அப்பா கரும்பு வெட்டுகிறவர். வெட்டிய கரும்பைக் கட்டுக்கட்டாகத் தலையில் வைத்துப் பலகை மேல் ஏறி லாரியில் அடுக்குவதுதான் அதில் கடினமான வேலை. அப்பா அதற்குத்தான் பேர் போனவர். போன வருஷம் வெட்டு தொடங்குகிற நேரத்தில் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். இந்த வருஷம் தேறிவிட்டார். ஆனால் வெட்டுக்குப் போகிற கூட்டத்தில் கூலியை எல்லாரும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். முடியாத ஒருவன் சேர்ந்தால் அவன் பாரத்தையும் மற்றவர்கள் சுமக்க வேண்டும். அதனால் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி ஆளைப் பார்த்துத்தான் எடுப்பார். இரண்டு வருஷம் விட்டுப்போனவனை அப்புறம் கூப்பிடவே மாட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை, வெட்டு தொடக்கம். அப்பா வெட்டுக்கத்தியைத் தினமும் எடுத்துத் தீட்டிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை இரவு முழுவதும் அவர் ஒருவருடைய மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சினார். மோட்டாருக்கு ராத்திரியில்தான் கரண்ட் விட்டார்கள். அதனால் ஞாயிறு காலையில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு நடைவழியில் தூங்கினார்.

அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு அத்தை முறம் கேட்டு வந்தார். ஈரத்துணி மூடியிருந்த மாவைப் பார்த்து அது என்ன என்றார். ரொட்டி என்றேன். அத்தை அப்பாவைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். யாருக்கு முடியவில்லை என்று கேட்டார். ஆசைக்குச் சுடுகிறாள் என்று சொல்ல அம்மாவுக்கு வெட்கம். "யாருக்கும் ஒண்ணும் இல்ல, சும்மாதான்" என்றார். ஒளிக்கிறவர்கள் சொல்கிற மாதிரியே இருந்தது அது.

நான் மாவை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, நீளமாக உருட்டித் தகர அச்சில் வைத்தேன். அது இரண்டாவது முறை உப்ப வேண்டும். அதற்குள் மூன்றாவது வீட்டுப் பெரியம்மா இரண்டு சாத்துக்குடியோடு வந்துவிட்டார். கண் மஞ்சளாக இருக்கிறதா என்று அம்மாவிடம் குசுகுசுவென்று விசாரித்தார். பெரியம்மாவின் மகன் அப்பாவோடு கரும்புக்குப் போகிறவன். அம்மா பழத்தைத் திருப்பிக் கொடுத்தார். பேச்சு அந்த வாசலைத் தாண்டி மேஸ்திரி காதுக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது.

ஓவன் இல்லாததால் அலுமினியக் குண்டானில் உப்பைப் பரப்பி அடுப்பில் சூடேற்றிக்கொண்டிருந்தபோது மேஸ்திரியின் பைக் வந்து நின்றது. அப்பாவை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்; எனக்குச் சித்தப்பா முறை. சத்தம் கேட்டு எழுந்த அப்பாவின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. மேஸ்திரி நாற்காலியை இழுத்து நிழலில் போட்டு உட்கார்ந்தார். அப்பா வெயிலைப் பார்த்து நின்றுதான் பேச வேண்டியிருந்தது. எதற்காக அப்படி உட்கார்ந்தார் என்பது எனக்கு உடனே புரிந்தது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பதுபோல் என் அப்பாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராத்திரி தண்ணீர் பாய்ச்சியதை அம்மா சொன்னார். மேஸ்திரி தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

"இந்த வருசமும் ரெஸ்ட் எடுத்துக்கண்ணே. ஒடம்ப வச்சிக்கினுதான எல்லாம்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் கெஞ்சியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"ரொட்டி எனக்குத்தான், சித்தப்பா. நான் துன்றதுக்குச் சுடுறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "நல்லா இருக்கறவங்க யாரு பாப்பா ரொட்டி துன்றாங்க? படிச்ச புள்ளைக்குச் சோறு எறங்கலியா?"

"வேவுற வரைக்கும் உக்காருங்க. யாரு துன்றாங்கன்னு பாத்துட்டுப் போங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மாவு அச்சின் விளிம்பைத் தாண்டி உப்பியிருந்தது. இன்னும் விட்டால் அமுங்கிவிடும். உடனே குண்டானில் இறக்கி, மூடி, மேலே குழவிக்கல்லை வைத்தேன். இதுவும் செங்கல்லாக வந்தால், நோயாளிக்கு அவசரத்தில் கிளறிய மாவு என்றுதான் தெரு பேசும். மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது, சூடு போய்விடும். மேஸ்திரி போனை நோண்டினார். அப்பா முகம் கழுவிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது. மேஸ்திரி ஒருமுறை நிமிர்ந்து மோந்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

திறந்தபோது மேல்பக்கம் வெளுப்பாக இருந்தது. குண்டானில் அப்படித்தான் வரும். ஆனால் நன்றாக எழும்பியிருந்தது. வெண்ணெய் தடவினேன். ஆறியபிறகுதான் அறுக்க வேண்டும். யாருக்குப் பொறுமை? பிய்த்தேன், நூல் நூலாக வந்தது. முதலில் நான் தின்றேன். மேஸ்திரிக்கு ஒரு தட்டு, அப்பாவுக்கு ஒரு தட்டு.

அப்பா ஒரு வாய் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இன்னா, இனிச்சிக்கினு கெடக்குது. அந்தக் குழம்ப எடு."

அம்மா கருவாட்டுக் குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். காலையிலிருந்து என் கை வலிக்கப் பிசைந்த அந்த ரொட்டியை அப்பா குழம்பில் முக்கினார். எண்ணெயும் மிளகாயும் சொட்டச் சொட்ட, கருவாட்டுத் துண்டையும் அதில் சுருட்டி வாயில் போட்டார். பாவி மனுஷன் என்று வாய்வரை வந்துவிட்டது.

மேஸ்திரி தின்பதை நிறுத்திவிட்டு அப்பாவின் வாயையே பார்த்தார். காமாலைக்காரன் கருவாட்டின் வாசனை அடித்தாலே ஓடுவான். எண்ணெய் பட்ட சட்டியைக்கூடத் தொடமாட்டான். அப்பா அடுத்த துண்டை முக்கினார். அதற்கடுத்ததையும். நெற்றியில் வேர்த்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சட்டியை வழித்தார்.

மேஸ்திரி தன் தட்டை நீட்டினார். "எனக்கும் கொஞ்சம் ஊத்துங்கண்ணி."

தின்று கை கழுவிவிட்டு பைக்கில் ஏறியபிறகுதான் சொன்னார். "காலைல வந்துடுண்ணே. ஆனா பலகை ஏற வாணாம். கீழ நின்னு வெட்டு. பொறவு பாக்கலாம்."

பைக் திரும்பியதும் நான் கொதித்தேன். பலகை ஏறுகிறவரைக் கீழே நிறுத்துவதற்கு இவர் யார், சாயங்காலம் போய்க் கேட்கிறேன் என்றேன். அம்மா என் கையைப் பிடித்தார். சேர்த்துக்கொண்டதே போதும் என்பது அவர் கட்சி.

"நீ ஒண்ணும் பேசாத" என்றார் அப்பா. "வாயால கேட்டு வாங்கறதில்ல அது."

மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். கழுத்தெல்லாம் கரும்பின் சோகை இலை கிழித்த கோடுகள். கீழே நின்று வெட்டினாலும் அது கிழிக்கும். கேட்கலாமா வேண்டாமா என்று நின்றேன். துவைகல் மேல் அவருடைய தலைத்துண்டு கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். தலையில் பாரம் தாங்கச் சும்மாடாகச் சுற்றிய மடிப்பு கலையாமல் அப்படியே இருந்தது. நடுவில் கரும்புச் சாறும் மண்ணும் ஏறி, பாரம் அமுக்கி, அட்டைபோல் தட்டையாகியிருந்தது.

அதைப் பிரிக்காமல் வைத்துவிட்டு உள்ளே போனேன்.