வளைவில் கேட்ட ஹாரன்

என் கணினித் திரையில் அந்த பஸ் 'வந்துகொண்டிருக்கிறது' என்றே காட்டிக்கொண்டிருந்தது. ட்ரிப் ரத்தாகி வெகுநேரம் ஆகியிருந்தது. நான் நிரல் எழுதும் பஸ் ஆப்பில் இது பழைய கோளாறுதான். ஆனால் இன்று அதைப் பார்த்ததும் காதுக்குள் ஒரு ஹாரன் கேட்டது.

எங்கள் ஊர் நாகலாபுரம் பக்கம். மெயின் ரோட்டு வளைவில் ஹாரன் அடித்தால், பஸ் ஊருக்குள் திரும்புகிறது என்று அர்த்தம். எனக்கு எட்டு வயதில் ஓர் ஐப்பசி மழை. கைக்குழந்தையான தம்பிக்குக் காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக, பஸ் நிற்கும் உடைமரத்தடியில் அம்மா அவனைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு நின்றாள். கரிசல் சேறு அப்பி என் செருப்பு கனத்தது.

"அண்ணாச்சி, மாட்டுவண்டியப் பூட்டட்டுமா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அப்போதுதான் வளைவில் ஹாரன் கேட்டது.

"வேண்டாம்டே. ஹாரன் கேட்டுச்சுல்லா, பஸ்ஸு வந்திரும்" என்றார் அப்பா.

டிரைவர் பழக்கத்தில் அடித்திருக்கிறார். பிறகு சேற்றைப் பார்த்துவிட்டு நேரே போய்விட்டார். அப்போது எங்களுக்கு அது தெரியாது. "இந்தா வந்திரும்டி, இந்தா வந்திரும்" என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் மாட்டுவண்டி வந்து நின்றபோது தம்பியின் உடம்பு சில்லிட்டிருந்தது. அம்மா ஏறவில்லை.

"இனி எங்கன கொண்டுபோக?" என்று மட்டும் கேட்டாள்.

"'தாமதம்'னு போடுங்க மேடம். வராதுன்னா ஜனங்க கோவப்படுவாங்க" என்றார் என் திரையை எட்டிப் பார்த்த ஆபீஸ் பக்கத்து இருக்கைக்காரர்.

கோபப்படட்டும்.

'இந்த பஸ் வராது. வேறு வண்டி பாருங்கள்' என்று அடித்தேன்.